குப்பை மூலையில் வைத்த சாமி

எங்கள் ஒழுங்கையின் மூலையில் பிள்ளையார் வந்து அமர்வதற்கு முன்னர் அங்கே குப்பைதான் இருந்தது. கொட்டாஞ்சேனையில் பஸ் ஓடும் வீதியிலிருந்து உள்ளே திரும்பியதும், நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் ஒரு களஞ்சியத்தின் வெறும் சுவர் வரும். அந்தச் சுவரோரத்தில்தான் எல்லாரும் குப்பை போட்டார்கள். பாதி எங்கள் ஒழுங்கைக்காரர் போட்டது. மீதி, முச்சக்கர வண்டியில் போகிற போக்கில் சொப்பிங் பையை விட்டெறிந்துவிட்டுப் போகிற புண்ணியவான்கள் போட்டது. நான் முதலாம் மாடியில் தனியாக இருப்பவள். முன் யன்னலைத் திறந்தால் அந்த மூலை நேராகத் தெரியும். பார்க்க வேண்டாம் என்று நினைத்தாலும் தெரியும்.

குப்பையைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பக்கத்தில் இருந்தவர்களைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலைந்து பேர், முப்பதுக்கு உட்பட்ட வயது. துறைமுகத்தில் கூலி வேலை கிடைத்தால் போவார்கள், கிடைக்காத நாட்களில் மூலைக்கு வருவார்கள். கிடைக்காத நாட்கள்தான் அதிகம். பின்னேரம் சோடாப் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள் என்றால் குடி, போனில் பாட்டு, வாய்க்கு வந்தபடி தூஷணம். எழுந்து போக வேண்டிய தேவை வந்தால் அந்தச் சுவரையே நனைப்பார்கள். இத்தனைக்கும் எல்லாரும் எங்கள் கண்முன்னே வளர்ந்தவர்கள். அதனால்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. முன்பின் தெரியாதவன் என்றால் யன்னலில் நின்று நாலு வார்த்தை திட்டலாம். இவர்கள் தலையை நிமிர்த்தி, "அன்ட்டி, சுகமா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிறவனை எப்படித் திட்டுவது? நானும் "ஓம், சுகம்" என்று சொல்லி யன்னலைச் சாத்திவிடுவேன்.

அந்தச் சுவருக்கு அடுத்த வீடு இடியப்ப அக்காவுடையது. என்னைவிட நன்றாக வயது குறைந்தவர்தான். ஆனாலும் ஒழுங்கை முழுவதும் அவரை அப்படித்தான் கூப்பிடும், நானும் அப்படித்தான். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, சின்ன வயதில் வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்கு வந்து, இங்கேயே கல்யாணம் கட்டி இருந்துவிட்டவர். புருஷனுக்கு ஒருகொடவத்தையில் கொள்கலன் முற்றம் ஒன்றில் இரவுக் காவல் வேலை. ஒரே மகள் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடையில் நிற்கிறாள். வாடகை வீடு, ஒன்றரை அறை. வீட்டின் முன்பக்கமாக, வடிகானை ஒட்டித் தகரம் அடித்த ஒரு சின்னக் கொட்டில். அதற்குள்தான் அடுப்பும் இடியப்பத் தட்டுகளும். காலையும் மாலையும் அக்கா அங்கே நின்று பிழிந்து அவிப்பார். கொட்டாஞ்சேனையில் இவ்வளவு மெல்லிசாகப் பிழிகிற கை வேறு கிடையாது என்று நான் சத்தியம் செய்வேன்.

மகள் கடை முடிந்து பஸ் பிடித்து வந்து இறங்க எட்டு மணியாகும். அந்த மூலையைத் தாண்டித்தான் வீட்டுக்குள் போக வேண்டும். யாரும் அவளைத் தொட்டதில்லை. அதை நான் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஒழுங்கையின் குறுக்கே கால்களை நீட்டிக்கொண்டு இருப்பார்கள். அவள் வருவதைக் கண்டால் கால்களை மடக்குவார்கள். ஆனால் மெதுவாக, ஒவ்வொருவராக மடக்குவார்கள். கடைசிக் கால் மடங்கும் வரை அவள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அவள் போகும்போது ஒருவன் ஏதாவது சொல்வான், மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒவ்வொரு நாளும் இதுதான். அக்கா கொட்டில் வாசலில் மாவுக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருநாள் அவர் என் படியேறி வந்தார். கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "அக்கா, எனக்கு சிங்களம் பேச வரும், எழுத வராது. மாநகர சபைக்கு ஒரு கடுதாசி எழுதித் தாங்க. பொண்ணு இனிமே வேலைக்குப் போகலன்னு சொல்றா. நாங்க வேற வீடு பாக்கலாம்னா, இந்தக் கொட்டில் மாதிரி எடம் எங்க கெடைக்கும்? இந்த வீட்ட விட்டா எங்களுக்குப் பொழப்பு இல்ல" என்றார். நான் ஒரு கப்பல் முகவர் காரியாலயத்தில் தட்டெழுதி ஓய்வு பெற்றவள். மூன்று மொழியிலும் முறைப்பாடு எழுத வரும். எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

சபைக் காரியாலயத்தில் கடிதத்தை வாசித்த உத்தியோகத்தர், குப்பை சபையின் விஷயம், குடிகாரர்கள் பொலிஸின் விஷயம் என்றார். பொலிஸுக்குப் போனோம். அங்கே இருந்தவர், அவர்கள் உட்கார்ந்திருக்கும் நிலம் சபைக்குச் சொந்தமானது, சபைதான் முதலில் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். திரும்பவும் சபைக்குப் போனோம். பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் நடுவில் பஸ்ஸில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். கடைசியில் சபை ஒரு பலகை நட்டது. இங்கே குப்பை போடுவது தண்டனைக்குரிய குற்றம் என்று மூன்று மொழியில். அந்தப் பலகை நல்ல உறுதியானது. அடுத்த வாரமே அதில் சட்டை கழற்றித் தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு ஒரு விளக்குப் போட்டார்கள். அதைக் கல்லால் உடைக்க ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

இதையெல்லாம் வெள்ளவத்தையில் இருக்கும் என் தங்கச்சியிடம் சொன்னால் அவள் சிரிப்பாள். அவள் கடற்கரைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறாள். அவர்கள் ஒழுங்கையில் ஒரு கொண்டாட்ட மண்டபத்தின் பாட்டுச் சத்தம் தாங்காமல் ஆட்கள் முறைப்பாடு செய்தார்களாம். இரண்டு கிழமையில் சத்தம் நின்றதாம். "அக்கா, அங்க கதைக்கத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். நீ ஏன் இன்னும் அந்தக் கொட்டாஞ்சேனையிலயே கிடக்கிறாய்?" என்பாள். கதைக்கத் தெரிந்த ஆட்கள் என்று அவள் சொல்வது டாக்டர்களையும் எக்கவுண்டன்ட்களையும். அவர்களில் யாருக்காவது சபையில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். எங்கள் ஒழுங்கையில் சபையில் வேலை செய்கிற ஒரே ஆள் வீதி கூட்டுகிறவர். எனக்கு அவள்மேல் எரிச்சல் வரும். அவள் சொல்வது உண்மை என்பதால்தான் எரிச்சல்.

பிறகு சபை, சனசமூக நிலையத்தில் ஒரு கூட்டம் வைத்தது. ஒழுங்கையில் பாதிப் பேர் வந்தார்கள். வந்திருந்த உத்தியோகத்தர் நரைத்த தலை, பண்பான மனிதர். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தியதைப் பொறுமையாகக் கேட்டார். சட்டப்படி என்னென்ன செய்யலாம் என்று நிதானமாகச் சொன்னார். அவர் சொன்னதில் எதுவும் நடக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் என்னையும் இடியப்ப அக்காவையும் ஒரு பக்கமாகக் கூப்பிட்டார். சிங்களத்தில், குரலைத் தணித்துச் சொன்னார்.

"மிஸ், நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அந்த மூலையில் ஒரு சாமியை வையுங்கள். எங்களுடைய பலகை செய்யாததை அது செய்யும்."

இதைக் கேட்டுக் கொழும்பில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். இந்த நகரத்தில் எத்தனையோ குப்பை மூலைகள் அப்படித்தான் சுத்தமாகியிருக்கின்றன. ஒரு மூலையில் புத்தர், ஒரு மூலையில் மாதா, ஒரு மூலையில் பிள்ளையார். சுவரை நனைக்க வருகிறவன் சாமி படம் ஒட்டியிருப்பதைக் கண்டால் அடுத்த சுவருக்குப் போவான். தண்டம், சிறை, பொலிஸ் எதற்கும் பயப்படாத ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ஒரு சின்னச் சிலைக்குப் பயப்படுவான். நானே பல இடங்களில் பார்த்து மெச்சியிருக்கிறேன். இடியப்ப அக்காவின் முகத்தில் அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு வெளிச்சம் வந்தது.

ஒழுங்கையில் யாரும் எதிர்க்கவில்லை. எந்தச் சாமி என்பதில்தான் கொஞ்சம் வாக்குவாதம். இந்துக்கள் பிள்ளையார் என்றார்கள். வேதக்காரக் குடும்பங்கள், அப்படியென்றால் மாதாவும் வேண்டும் என்றார்கள். சந்தியில் முச்சக்கர வண்டி ஓட்டுகிற சிங்களவர்கள் தாங்களாகவே ஒரு புத்தர் படத்தைக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து தந்தார்கள். மூன்று சமயமும் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று எல்லாருக்கும் பெருமை பிடிபடவில்லை. குப்பையை அள்ள வேண்டும், சுவரைச் சுரண்டி வெள்ளையடிக்க வேண்டும், சீமெந்து குழைத்து மேடை கட்ட வேண்டும். இதற்கு ஆள் எங்கே? வயது போனவர்களும் பெண்களும்தான் ஒழுங்கையில் பகலில் இருப்பார்கள்.

மூலைப் பெடியன்கள் தாங்களாக எழுந்து வந்தார்கள். "நாங்க செய்றோம் அன்ட்டி. சாமி வேலைதானே" என்றான் அவர்களில் மூத்தவன். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த அழுக்கு மலையைக் கையால் அள்ளினார்கள். மாதாவுக்குக் கண்ணாடிப் பெட்டியை அளவெடுத்துச் செய்தார்கள். பிள்ளையார் சிலைக்குக் கண்திறக்கும் நாளன்று குளித்து வேட்டி கட்டி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு ஐயருக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஒழுங்கையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பெடியன்கள் திருந்திவிட்டான்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு. தினமும் விளக்கேற்ற ஒருவர் வேண்டும் அல்லவா? அந்தப் பொறுப்பையும் அவர்களிடமே கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் எல்லாரும் நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். குடிகாரனைக் கோயில் வேலையில் மாட்டிவிட்டால் குடியை மறந்துவிடுவான் என்பது எங்கள் ஆட்களின் பழைய நம்பிக்கை. எங்கள் கோயில்களைப் பார்த்த பிறகும் அந்த நம்பிக்கை எப்படி நிலைக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை.

ஆனாலும் ஒன்றிரண்டு மாதம் அருமையாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. குப்பை நின்றது. நாற்றம் போயிற்று. யன்னலைத் திறந்து வைத்துத் தேநீர் குடித்தேன். இடியப்ப அக்கா காலையில் முதல் தட்டு அவிந்ததும் அதைக் கொண்டுபோய்ப் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடங்குவார். மகள் எட்டு மணிக்கு வந்து இறங்கும்போது அங்கே விளக்கு எரியும், கால்கள் குறுக்கே இராது. "சபைக்காரரு தெய்வம் மாதிரி வந்து சொன்னாருக்கா" என்று அக்கா என்னிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கும்பிட வருகிறவர்கள் உட்கார என்று ஒரு வாங்கு வந்தது. கும்பிட வந்தவர்கள் போய்விட்டார்கள், வாங்கில் பெடியன்கள் இருந்தார்கள். உள்ளூராட்சித் தேர்தல் நெருங்கியபோது ஒரு வேட்பாளர் வந்து சாமிக்குக் கூரைத் தகரம் கொடுத்தார், படம் எடுத்துக்கொண்டார். கூரை வந்ததும் மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை. பின்பக்கமாக ஒரு நீலத் தறப்பாள் இழுத்துக் கட்டினார்கள், பூசைச் சாமான் வைக்க என்றார்கள். பூசைச் சாமான் எது, போத்தல் எது என்று என் யன்னலிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒலிபெருக்கி வந்தது. விடியற்காலையில் பக்திப் பாட்டு, பின்னேரத்தில் பக்தியில்லாத பாட்டு. சுவரை மட்டும் யாரும் நனைப்பதில்லை. அதற்கு இப்போது அவர்கள் இடியப்ப அக்காவின் கொட்டில் பக்கம் போனார்கள்.

அதோடு வேறு ஆட்களும் வரத் தொடங்கினார்கள். மோட்டார் சைக்கிளில் வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தறப்பாளுக்குப் பின்னால் போவார்கள். கையைப் பொத்திக்கொண்டு வெளியே வருவார்கள். விபூதியைத் தவிர இன்னொரு தூளும் அங்கே கிடைக்கிறது என்று ஒழுங்கையில் எல்லாருக்கும் தெரிந்தது. குடு என்கிற அந்தப் போதைத்தூளின் பெயரை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் தைரியமில்லை. முன்பு அவர்கள் வெறும் குடிகாரர்கள், ஒழுங்கையே அவர்களைத் திட்டியது. இப்போது அவர்கள் சாமிக்கு விளக்கேற்றுகிறவர்கள். திட்டினால் சாமிக்கு எதிராகக் கதைத்தது போல ஆகிவிடும். ஒரு சமயத்துச் சாமி மட்டும் என்றாலாவது மற்ற இரண்டு சமயத்தவரும் முணுமுணுப்பார்கள். நாங்கள் ஒற்றுமை பார்த்து மூன்றையும் கொண்டுவந்து வைத்திருந்தோம்.

பொலிஸுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு பின்னேரம் கொன்ஸ்தாபல் ஒருவர் வந்தார். யன்னலில் நின்று பார்த்தேன். அவர் வேகமாகத்தான் வந்தார். மேடைக்குக் கிட்ட வந்ததும் நின்றார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்தார். மூத்தவன் தட்டை நீட்ட, விபூதி பூசிக்கொண்டு, புத்தர் படத்தைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் பயம் வந்தது.

அக்காவின் மகளுக்குத் திரும்பவும் அதே கதை. இப்போது கால்களை நீட்டுவதில்லை, மரியாதையாகத் தட்டை நீட்டுவார்கள். "தங்கச்சி, விபூதி எடுங்க." எடுக்காமல் போனால், சாமிக்கு மரியாதை இல்லையா என்று சத்தமாகக் கேட்பார்கள். எடுத்தால், நான் பூசிவிடவா என்று கேட்பார்கள். அவள் வேலையை விட்டுவிட்டாள். பகல் முழுக்கக் கதவைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தாள். இரவில் வேலை செய்துவிட்டு வந்து பகலில் தூங்க வேண்டிய தகப்பன் ஒலிபெருக்கிச் சத்தத்தில் தூங்காமல் கண் சிவந்து வேலைக்குப் போனார்.

அக்கா இரண்டாவது தரம் என் படியேறி வந்தார். "திரும்ப எழுதுங்கக்கா. என் பேரப் போட்டே எழுதுங்க. நான் எங்கயும் போக மாட்டேன். எங்க வீடு இது." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சபைக்குச் சொந்தமான நிலத்தில் அனுமதியில்லாத கட்டடம், ஒலிபெருக்கித் தொல்லை, போதைப்பொருள், பெண்களுக்குத் தொந்தரவு என்று விவரமாக எழுதினேன். பெயரை ரகசியமாக வைத்திருக்கும்படி அடியில் கேட்டிருந்தேன்.

முன்பு வந்த நரைத்த தலை ஓய்வுபெற்றுப் போயிருந்தார். புதிதாக வந்தவர் இளைஞர், சுறுசுறுப்பானவர். ஆட்களோடும் அளவு நாடாவோடும் ஒரு காலையில் வந்து இறங்கினார். இறங்கி நின்ற முதல் வேலையாக, கையில் இருந்த கடிதத்தை விரித்துக்கொண்டு, "முறைப்பாடு செய்த நோனா யார்?" என்று ஒழுங்கை முழுவதற்கும் கேட்கும்படி கேட்டார். பெயரையும் வாசித்தார். கொட்டிலுக்குள் மா பிழிந்துகொண்டிருந்த அக்கா இடியப்ப உரலைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். வாங்கில் இருந்தவர்கள் ஒருவரும் எழும்பவில்லை, ஒருவரும் கத்தவில்லை. பாட்டின் சத்தத்தை மட்டும் ஒருவன் குறைத்தான்.

அளந்தார்கள். மேடையை அளந்தார்கள், கூரையை அளந்தார்கள். அளவு நாடா வெளியே வந்தபிறகு அது ஒரு இடத்தோடு நிற்காது. வடிகானின் ஓரம் முழுக்க அளந்துகொண்டே போய் அக்காவின் கொட்டிலையும் அளந்தார்கள்.

அவர்கள் போனபிறகு மூத்தவன் கொட்டில் வாசலுக்கு வந்தான். நான் கீழே இறங்கி வந்து அக்காவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது என்று பிறகு பல நாள் நினைத்தேன். "அக்கா, எங்களால கரைச்சல் எண்டா எங்ககிட்டயே சொல்லியிருக்கலாமே. நாங்க உங்கட பிள்ளைகள் மாதிரிதானே. கடுதாசி எல்லாம் எதுக்கு?" என்றான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்து, "தங்கச்சி வேலைக்குப் போறேல்லயா இப்ப?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஒரு மாதத்தில் அறிவித்தல் வந்தது. அக்காவுக்கு வந்தது. வடிகான் ஓரத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட கொட்டிலை அகற்ற வேண்டும், இல்லாவிட்டால் சபை அகற்றும். சாமிக்கு ஒன்றும் வரவில்லை. நான் அந்தக் கடதாசியை எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போனேன். எனக்கு அன்றைக்கு இருந்த ஆத்திரத்தில் பஸ் நடத்துநரோடும் சண்டை பிடித்தேன். இளைஞர் என்னை உட்காரச் சொன்னார். நான் மேசையில் கடதாசியைப் போட்டு, முறைப்பாடு செய்தவளின் அடுப்பை உடைக்கவா முறைப்பாட்டை எடுத்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவர் நேர்மையான மனிதர். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். "மிஸ், முறைப்பாடு வந்தால் நாங்கள் ஏதாவது செய்தாக வேண்டும். செய்ததை மேலே காட்ட வேண்டும். அங்கே மூன்று சமயத்துச் சாமி இருக்கிறது. அதில் கை வைத்தால் நாளைக்கே ஊர்வலம் வரும், அரசியல்வாதி வருவார், என்னை இடம் மாற்றுவார்கள். இந்தக் கொட்டிலும் சட்டவிரோதம்தானே? இதை உடைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்?"

"நான் கேட்கிறேன்."

அவர் தலையை ஆட்டினார். "நீங்கள் மட்டும்தான் மிஸ்" என்றார்.

கொட்டிலை இடிக்க பெக்கோ இயந்திரம் வந்த அன்று ஒழுங்கையில் எல்லாரும் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்கள். பெடியன்கள்தான் சுறுசுறுப்பாக இருந்தார்கள். தூசு படும் என்று பிள்ளையாருக்கும் மாதாவுக்கும் வெள்ளைத் துணி போர்த்தார்கள். தகரம் சரிந்து சாமி மேல் விழாதபடி இரண்டு பேர் கையால் தாங்கிப் பிடித்தார்கள். அக்காவின் அடுப்பையும் தட்டுகளையும் பத்திரமாக எடுத்து வெளியே வைத்தவர்களும் அவர்கள்தான். சபைத் தொழிலாளிகள் அவர்களுக்கு நன்றி சொன்னார்கள். அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. கொட்டில் இருந்த இடத்தில் கறுத்த நிலமும் வடிகானும் மட்டும் இருந்தன. அக்கா அழவில்லை. இடியப்ப உரலை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். எனக்குத்தான் அழுகை வந்தது, கோபத்தில் வந்த அழுகை.

வீட்டுக்குள் அவித்துப் பார்த்தார். ஒன்றரை அறையில் புகை நிறைந்து, தூங்குகிற மனுஷன் இருமி எழும்பினார். வீட்டுக்காரர் சுவர் கறுக்கிறது என்று சத்தம் போட்டார். வாங்க வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள். சிலருக்குப் புகை பிடிக்கவில்லை. சிலருக்கு, சாமிக்கு எதிராக முறைப்பாடு செய்தவரிடம் வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாது. இந்த இரண்டாவது வகையில், கண்திறப்பன்று கண்ணைத் துடைத்த பெண்கள் பலர் இருந்தார்கள். களனிப் பக்கம் ஆற்றங்கரைக் குடியிருப்பில் ஒரு அறை இருப்பதாக அக்காவின் புருஷன் விசாரித்துக்கொண்டு வந்தார். மழைக்கு வெள்ளம் வரும் இடம். அங்கே அடுப்பு வைக்கலாமா என்று நான் கேட்டேன். "தெரியலக்கா. போய்த்தான் பாக்கணும்" என்றார் அக்கா. தேடித்தேடி எழுதிய என் சொற்களெல்லாம் அவருக்குக் கொடுத்தது இதுதான். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர்கள் வீட்டை விட்டுப் போன நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்ன லொறியொன்று ஒழுங்கைக்குள் வர முடியாமல் மூலையில் நின்றது. அலுமாரியைத் தூக்க புருஷன் ஒருவரால் முடியவில்லை. வாங்கில் இருந்தவர்கள் எழும்பி வந்தார்கள். யாரும் கேட்கவில்லை, அவர்களாகவே வந்தார்கள். அலுமாரி, கட்டில், மூட்டைகள், தட்டுகள் எல்லாவற்றையும் கீறல் விழாமல் ஏற்றினார்கள். மகள் முன் இருக்கையில் ஏறி, கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மூத்தவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேடைக்குப் போய் விபூதித் தட்டை எடுத்து வந்தான். அவன் முகத்தில் கேலி எதுவும் இல்லை. உண்மையாகவே அவனுக்கு வருத்தம் போலத்தான் இருந்தது. அதைத்தான் என்னால் இன்றுவரை சகிக்க முடியவில்லை.

"அக்கா, சாமியக் கும்பிட்டுட்டுப் போங்க. போற இடம் நல்லா இருக்கும்."

அக்கா தட்டைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். "வேணாம் தம்பி. அது ஒங்களுக்குத்தான் காவல் இருக்கு. நீங்களே கும்பிட்டுக்குங்க" என்றார். வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருக்கிற மனுஷி பிள்ளையார் பக்கம் திரும்பாமலே போய் லொறியில் ஏறினார். என்னைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தார். லொறி பின்னால் எடுத்து, பஸ் வீதியில் திரும்பிப் போயிற்று.

அவன் தட்டோடு அப்படியே நின்றான். மற்றவர்களும் நின்றார்கள். ஒழுங்கையில் வாசலுக்கு வந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடிதத்தை எழுதிக் கொடுத்தது யார் என்று அங்கே தெரியாதவர் ஒருவரும் இல்லை. அவன் திரும்பி என் முன்னால் வந்து தட்டை நீட்டினான்.

"அன்ட்டி?"

அக்கா போய்விட்டார். நான் இங்கேதான் இருக்க வேண்டும், தனியாக. இந்த மூலையைக் கடக்காமல் என் வீட்டுக்குப் போக வேறு வழி இல்லை. நான் குனிந்து நெற்றியைக் காட்டினேன்.